இன்று மில் ஓடாது

என்னங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. நாற்பது நாளாக ஓயாமல் சம்பா நெல் அரைத்தீர்கள், இன்று ஓய்வு. கற்பூரம் காட்டாமல் மெஷினை நிறுத்தக்கூடாது என்று நேற்று சண்டை போட்டீர்களே, காலையில் நானே காட்டிவிட்டேன். மில் சாவி என்னிடம்.

இடது கை வலியைப் பற்றிக் கேட்டதற்கு, "மூட்டை தூக்குனதுடி, இன்னா ஆவப்போவுது?" என்றீர்கள். நேற்று மில்லில் நீங்கள் மயங்கி விழுந்ததை, உங்களோடு மூட்டை தூக்கும் கண்ணையன் இப்போதுதான் சொன்னார். அரியூர் டாக்டரிடம் போக, கார் பிடித்து வருகிறேன்.

கஞ்சி மூடி வைத்திருக்கிறேன். கதவைத் தாழிடாதீர்கள்.

கமலவேணி

நான் வரும்வரை பக்கத்து வீட்டு இளவரசி அடிக்கடி வந்து கூப்பிட்டுப் பார்ப்பாள். எரிந்து விழாமல் ஒரு குரல் கொடுங்கள். பாவம், கைக்குழந்தையோடு வருகிறாள்.

மில்லை மூடியதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். திட்டுவதற்கு நீங்கள் இருந்தால் போதும்.