கோப்பேங்கில் ஏறிய புலவர்கள்

அன்பு மகள் பிரமிளாவுக்கு, ஈப்போவிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நல்ல சுகம். அந்த டப்ளின் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று தெரிந்தால் இன்னும் சுகமாக இருப்போம். ஃபோனை எடுத்தால் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் இந்தச் சங்கதியை எழுதியே அனுப்புகிறேன். ஈப்போவிலிருந்து கோப்பேங், தாப்பா வழியாகத் தெலுக் இந்தானுக்கு பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற உன் அப்பா இப்போது பள்ளிப் பிள்ளைகளோடு எஸ்.பி.எம். பரீட்சைக்குப் படிக்கும் தமிழ் இலக்கிய மாணவன். சிரிக்காதே.

சிம்பாங் பூலாய் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் அம்மா இலக்கிய வகுப்பு எடுக்கிறாள் அல்லவா, நான் அவளை விட்டுவிட்டுக் காரில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். எந்தக் காலத்தில் எந்தப் புலவர் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வதும் மறப்பதுமாக இருக்க, அம்மா புது முறை ஒன்றைக் கொண்டுவந்தாள். நான்கு பேர் ஒரு குழு, ஆளுக்கொரு இலக்கியக் காலம். ஒரே காலம் கிடைத்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து படித்து, பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சோதனை தனித்தனிதான், ஆனால் ஒவ்வொருவரும் முன்னைவிட எவ்வளவு ஏறினார்கள் என்று பார்த்துக் குழுவுக்குப் புள்ளி. ஒரு குழுவில் ஒருவன் ஃபுட்சால் ஆடிக் காலை உடைத்துக்கொண்டதால் ஆள் குறைந்தது. அம்மா வெளியே வந்து, "சும்மாதான இருக்கீங்க, உள்ள வாங்க" என்றாள். கோயிலுக்குப் போகிற ஆள் என்று பக்தி காலத்தை என் தலையில் கட்டிவிட்டாள்.

என் குழுவில் ஷர்வின், ரூபன், ஷாமினி. ஷர்வின் வாயை மூடமாட்டான், ஷாமினி திறக்கமாட்டாள். பெயர்கள் மனத்தில் நிற்கவில்லை, இந்தப் பாடத்தையே விட்டுவிடுகிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது அம்மாவுக்குப் பெரிய கவலை. முதல் சோதனையில் நான் எல்லாப் புலவர்களையும் பக்தி காலத்திலேயே ஏற்றிவிட்டேன். வகுப்பிலேயே கடைசி. ஷர்வின் மரியாதையாக, "காலு ஒடஞ்சவனே பரவால்ல லா அங்கிள்" என்றான்.

மறுவாரம் ஷாமினி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். என் புள்ளி அவளையும் சேர்த்துக் கீழே இழுக்கிறதே, பாவம், வேறு வழியில்லை. "அங்கிள், தெலுக் இந்தான் பஸ்ல ஈப்போவுல ஏறுனவங்களயும் தாப்பாவுல ஏறுனவங்களயும் கொழப்புவீங்களா?" என்று கேட்டாள். குழப்பமாட்டேன் என்றேன். "அப்படின்னா சங்கப் புலவருங்க ஈப்போவுல ஏறிட்டாங்க. பக்தி காலம் கோப்பேங். சிற்றிலக்கியம் தாப்பா. நம்ம காலத்து ஆளுங்க தெலுக் இந்தான் கிட்ட வரும்போதுதான் ஏறுறாங்க." ஒவ்வொரு புலவரையும் பெயர் சொல்லி ஏற்றினாள். நான் விளையாட்டாக, சங்கப் புலவர்கள் எங்கேம்மா இறங்குவாங்க என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எறங்கவே இல்ல அங்கிள். இன்னும் உக்காந்துதான் வாராங்க" என்றாள். ஷர்வின் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டான். பின்னால் நின்றிருந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த சோதனையில் எங்கள் குழு முதலிடம். அடியில் கிடந்தவன் ஏறிய அளவுக்கு வேறு யாரும் ஏறவில்லை. நான் வேண்டுமென்றே முதலில் தோற்றேன் என்று ஷர்வின் இன்னும் சந்தேகப்படுகிறான். புலவர் பெயரில் ழகரம் தவறு என்று அம்மா எனக்கு அரைப் புள்ளி குறைத்தாள். வீட்டில் கேட்டதற்கு, கிளாசில் வந்து கேளுங்கள் என்கிறாள். ஷாமினி பாடத்தை விடவில்லை. கால் உடைந்தவன் திரும்பி வந்ததும் நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன், "டீச்சர், அங்கிளும் இருக்கட்டும்" என்று அவள்தான் எழுந்து நின்று சொன்னாள், எல்லாருக்கும் கேட்கிற குரலில்.

நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டூட்டி முடிந்தால் உடனே தூங்கு. முருகன் உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வான், எங்கள் ஆசி என்றும் உண்டு. சனிக்கிழமை காலையில் மட்டும் ஃபோன் பண்ணாதே, கிளாசில் எடுத்தால் அம்மா திட்டுவாள்.

பாசத்துடன்,
உன் அப்பா பத்துமலை