ஜோடி கலைந்த கத்தரிக்கோல்கள்

மார்ச் 3

அவர் போய் இன்றோடு முப்பத்தாறு நாள். அதற்குள் கொழுந்தன் டேப்பும் கையுமாக அவர் மூலையை அளக்கிறான். சாணைக்கல்லைக் கழற்றிவிட்டு அங்கே தீட்டுகிற மிஷின் வைக்கப் போகிறானாம். என் மாமனார் பதித்த கல். அதில் இவரும் முப்பது வருஷம் கத்தரிக்கோல் தீட்டினார்.

"அண்ணி, பத்தாம் தேதி மிஷின் வருது. இடம் வேணும்."

"என்னைத் தூக்கி வெளியே போட்டுட்டு வச்சுக்கோ."

அவர் ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 4

இன்றும் உட்கார்ந்தேன். இடுப்பு விட்டுப்போச்சு. எழுந்திருக்க மாட்டேன்.

மார்ச் 5

பாவி. பாவி.

அவர் கடைசியாகத் தீட்டி வைத்தது அறுபது கத்தரிக்கோல். திருகு மாட்டவில்லை. இரண்டிரண்டு அலகாக நூல் சுற்றி வைத்திருந்தார். எங்கள் பட்டறையில் ஒரு அலகை வளைத்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி மற்றதைத் தட்டுவார்கள். புருஷன் பெண்டாட்டி மாதிரி. மாற்றிப் போட்டால் வெட்டாது. இங்கே வந்து போகிற பூனைக்குக்கூட இது தெரியும். நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து அத்தனை நூலையும் அறுத்து, நூற்றிருபது அலகையும் ஒரே தட்டில் கொட்டி வைத்திருக்கிறான்.

"எல்லாம் ஒரே அளவுதானே அண்ணி."

இந்தப் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவன் பேசுகிற பேச்சா இது?

"உங்க அண்ணனோட சேர்ந்து உன் மூளையும் போயிடுச்சா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 6

மகள் சொல்கிறாள், "விடும்மா, உருக்கிடலாம்." இவளையும் அவர்தான் பெத்தாரா? உருக்குவாளாம். நான் ஜோடி சேர்க்கிறேன், இருந்து பார்க்கட்டும்.

மார்ச் 8

இருபத்திரண்டு சேர்ந்தது. துளைக்குத் துளை, வளைவுக்கு வளைவு கச்சிதம். இதுதான் ஜோடி, சந்தேகமே இல்லை.

ஆனால் திருகு மாட்டிப் பார்த்தால் ஒன்றுகூட வெட்டவில்லை.

கல்யாணம் ஆனதிலிருந்து என் வேலை இதுதான். ஈரத் துணியில் நுனியால் வெட்டிப் பார்ப்பேன். துணியை மென்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே "நுனி வெட்டலை" என்று சத்தம் போடுவேன். அவர் வந்து வாங்கிக்கொண்டு போவார். இன்று இருபத்திரண்டும் மென்றன. விளிம்பில் விரலை ஓட்டினேன். அலை அலையாக இருக்கிறது. தீட்டும்போது கை நடுங்கினால்தான் இப்படி வரும்.

அவர் கையா நடுங்கியது? இரண்டு வருஷமாக நான் ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லையே?

மார்ச் 9

கொழுந்தனை உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினான். அப்புறம் கொட்டிவிட்டான்.

"அண்ணனுக்குக் கை நடுக்கம் அண்ணி. ரெண்டு வருஷமா. அவர் தீட்டினதை நான் எதிர்த்தெரு சாணைக்காரர்கிட்ட கொண்டுபோய் சரி பண்ணிட்டு வருவேன். அப்புறம்தான் உங்க மேசைக்கு வரும். மிஷினுக்குச் சொல்லி வச்சதும் அண்ணன்தான்."

"நூலை ஏன்டா அறுத்தே?"

"இந்த அறுபதை எதிர்த்தெருவுக்குக் கொண்டுபோறதுக்குள்ள நீங்க அங்கேயே உட்கார்ந்துட்டீங்க. ஜோடியா இருந்தா வெட்டிப் பார்ப்பீங்க, கண்டுபிடிச்சிடுவீங்க. கலைச்சுட்டா என்னைத்தானே திட்டுவீங்க. அது எனக்குப் பழக்கம்தானே."

அவனை என்ன சொல்வது. அவனை விடு.

உங்களைத்தான் கேக்கிறேன். உங்க மூலைக்கும் என் மேசைக்கும் பத்தடி தூரம். அதைத் தாண்டி வந்து, கை நடுங்குதுன்னு சொல்ல வாய் வரலையா? தம்பிக்குத் தெரியலாம், எதிர்த்தெருக்காரனுக்குத் தெரியலாம், எனக்கு மட்டும் தெரியக்கூடாதா? நான் சத்தம் போடுறது அவ்வளவு பயமா? — இல்லே, அவமானமா? நான் என்ன ராட்சசியா? மிஷின் வேணும்னா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேன்தான். சண்டை போட்டிருப்போம். போட்டா என்ன?

மார்ச் 10

கல்லை நானே கழற்றச் சொன்னேன். மிஷினை வைத்தார்கள். பக்கத்தில் போகவில்லை.

மார்ச் 14

மிஷின் நன்றாகத்தான் தீட்டுகிறது, பொய் சொல்லக்கூடாது. வளைவு தட்டத்தான் அதற்குத் தெரியவில்லை. இதுவரை தட்டியது அவர்தான். மகளும் சித்தப்பாவும் நாலு நாளாகச் சுத்தியலை வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள்.

எதிர்த்தெருவுக்குப் போனேன். சாணைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். திட்டவும்தான் செய்தேன்.

"ரெண்டு வருஷமா உங்க துணிக்குத் தப்பணுமேன்னு பயந்து பயந்து செஞ்சேம்மா" என்றார்.

"நாளன்னைக்கு எங்க பட்டறைக்கே வந்து உட்காருங்க. ஒளிஞ்சு செஞ்சது போதும்."

மார்ச் 16

சாணைக்காரர் வந்தார். மிஷின் தீட்டிய அலகை வளைத்து, திருகு மாட்டி, முதல் கத்தரிக்கோலை என் மேசையில் வைத்தார். துணியை மென்றது. கொழுந்தன், மகள், எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்.

"நுனி வெட்டலை" என்றேன்.

வாங்கிக்கொண்டு போய் நாலு தட்டு தட்டினார். கொண்டுவந்து வைத்தார். வெட்டியது. சாணைக்காரர் பாட்டுக்கு அடுத்ததை எடுத்துக்கொண்டார்.

நாலு தட்டு. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்குப் போய் இரண்டு வருஷம் என்னிடம் மறைத்திருக்கிறார் என் மனுஷன்.