மீசை இல்லாத ஆள்

என்னங்க,

சாப்பாட்டை இன்னிக்கு டப்பாவுல கட்டல. சோறும் கீரைச் சாறும் தட்டுல போட்டு மூடி வெச்சிருக்கேன். இனிமே வேலைக்குப் போற மாதிரி டப்பாவைத் தூக்கிக்கிட்டு அல்சூர் ஏரிக்கரையில போய் உக்கார வேணாம். உங்களுக்கு வேலை போனது எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. என்னாலதான்.

என்கிட்ட மட்டும் சொன்னதை நான் காமிக்ஸா வரைஞ்சிருக்கக் கூடாது. வரைஞ்சாலும் ஜெராக்ஸ் போட்டு காமிக்ஸ் மேளாவுல வெச்சிருக்கக் கூடாது. மீசையை எடுத்துட்டா அடையாளம் தெரியாதுன்னு நினைச்சேன். ஆனா ஒரு காலை மடிச்சு உக்கார்ற உங்க பழக்கத்தை அப்படியே வரைஞ்சு வெச்சிருக்கேன். உங்க அக்கா பொண்ணு அங்க ஒரு புக் வாங்கியிருக்கா. அக்காவுக்குத் தம்பியைத் தெரியாதா? நேத்து அவங்க போன் பண்ணப்புறம் நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தா தூங்கியிருப்பேன்.

மிச்ச புக்கையெல்லாம் திருப்பி வாங்கத்தான் போறேன். அக்கா பதினோரு மணிக்கு வராங்க. வெளிய போயிடாதீங்க.

யாமினி

கேஸ் தீரப் போகுது, அக்காவுக்கு டீ மட்டும் போடுங்க.

இன்னொண்ணு. கடைசிப் படத்துல அந்த ஆள், 'பொண்டாட்டி இருக்கா, பயமில்ல'ன்னு சொல்றான். நீங்க எங்க அப்படிச் சொன்னீங்க? எனக்குக் கேக்க ஆசை, நானே எழுதிக்கிட்டேன். அதை ஒயிட்னர் போட்டு அழிச்சுட்டேன். அந்தப் பக்கமும் பென்சிலும் தட்டு பக்கத்துல இருக்கு. உங்களுக்குத் தோணுறதை எழுதுங்க. திட்டா இருந்தாலும் அப்படியே மை போடறேன்.