நூல் மாறிய புட்டி

1934, மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

வெட்கத்தை விட்டு இங்கே மட்டும் எழுதுகிறேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. காலேஜ் கெமிஸ்ட்ரி லாபில் பதினான்கு வருஷமாக அட்டெண்டர். புட்டிகளின் கழுத்தில் நூல் கட்டித்தான் ஓட்டுகிறேன். பச்சையாக எரியும் உப்புக்குப் பச்சை நூல், சிவப்பாக எரிவதற்குச் சிவப்பு நூல்.

இன்று செலெக்‌ஷன் பரீட்சை. இதில் தவறினால் பெரிய பரீட்சைக்கு விடமாட்டார்கள். மயிலாப்பூர் சம்பத்துக்குப் பச்சையாக எரியும் உப்பைக் கொடுக்கச் சொன்னார் புரொபசர்; பச்சை நூல் புட்டியிலிருந்து எடுத்து வைத்தேன். பையன் தீயில் காட்டிவிட்டு, சிவப்பு என்று எழுதினான்.

"பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு லாப் எதுக்குடா?" என்று புரொபசர் கத்தினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இன்னா தம்பி, கண்ணுல மத்தாப்பு கொளுத்திக்கினு வந்தியா?" என்றேன். லாபே சிரித்தது.

சம்பத் சிரிக்கவில்லை. "ஆத்துல அப்பாகிட்ட என்ன சொல்லுவேன், முனுசாமி?" என்றான்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லோரும் போனதும் அதே உப்பைத் தீயில் காட்டினேன். நல்ல சிவப்பு. போன வாரம் புட்டிகளைக் கழுவியபோது நூலை மாற்றிக் கட்டியிருக்கிறேன்.

காலையில் புரொபசர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியாக வேண்டும். சொன்னால் பையன் பரீட்சை எழுதுவான். எனக்கு வேலை... சின்னவள் கல்யாணம் வேறு...

வீட்டுக்கு வந்ததும் தலை வலித்தது. தைல டப்பாவை எடுத்து நெற்றி முழுக்க அழுத்தித் தேய்த்தேன். பார்த்தால், அது மருமகனுடைய பூட்ஸ் பாலிஷ். இரண்டு டப்பாவிலும் இங்கிலீஷ்தான். கறுப்பு. சோப்புக்குப் போகவில்லை.