‘தொ.இ.’ என்று நான் எழுதியதன் பொருள்

அனுப்புநர்:
சு. ஜெயஷீலா, எம்.ஏ., எம்.எட்.,
முதுகலை ஆசிரியர் (பொருளியல்),
அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி (பெயரும் முகவரியும் இணைப்பு 1-இல்),
தூத்துக்குடி.

பெறுநர்:
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
தூத்துக்குடி மாவட்டம்.

பொருள்: 2020–21 பன்னிரண்டாம் வகுப்பு – மாணவி சுடலைச்செல்வி உள்ளிட்ட ஏழு பேரைப் ‘படிப்பைத் தொடர இசைவில்லை’ எனப் பொய்யாகப் பதிந்து பெயர் நீக்கியது – நீக்கத்தை ரத்து செய்து மதிப்பெண் சான்றிதழ் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தலைமையாசிரியருக்கு நான் 26.07.2021, 09.08.2021, 30.08.2021 ஆகிய நாள்களில் கொடுத்த கடிதங்கள் (மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லை).

மதிப்பிற்குரிய அய்யா,

1. நான் மேற்படி பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பொருளியல் கற்பித்து வருகிறேன். சொந்த ஊர் நாசரேத். இதுவரை யார் மீதும் புகார் எழுதியதில்லை. ஆகவே முறை தெரியாமல் எங்காவது நீட்டி எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். பள்ளியின் பெயரை மனுவுக்குள் எழுதாததற்குக் காரணம் உண்டு. இந்தத் தாள் எத்தனை மேசைகளுக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பள்ளியில் இன்றும் அறுநூறு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

2. கொரோனா ஊரடங்கில் பள்ளி மூடியபின், 2020 ஜூலை முதல் என் பன்னிரண்டாம் வகுப்பின் முப்பத்தெட்டு பேருக்கும் வீட்டிலிருந்தே பாடம் நடத்தினேன். முப்பத்தொரு பேர் வீட்டில் தொடுதிரைக் கைப்பேசி இருந்தது. காலையில் கூகுள் மீட்டில் வந்தார்கள். வந்தார்கள் என்றா சொன்னேன், பெயர் வந்தது. பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டு எங்கே போனார்கள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். மீதி ஏழு பேர் வீட்டில் பட்டன் போன் மட்டுமே. அதுவும் பெற்றோரோடு வேலைக்குப் போய்விட்டு மாலையில்தான் வீடு திரும்பும். அந்த ஏழு பேருக்கும் மாலை ஐந்து மணிக்குச் சாதாரண அழைப்பிலேயே வகுப்பெடுத்தேன். என் போனில் ஒரே அழைப்பில் ஐந்து பேருக்கு மேல் சேர்க்க முடியாது. எனவே ஒரு நாள் நான்கு பேர், மறுநாள் மூன்று பேர். அழைப்பு விவரப் பட்டியல் இணைப்பு 2-இல் உள்ளது. ஞாயிறு தவிர ஒரு நாள்கூட விடுபடவில்லை என்பதைத் தாங்களே காணலாம்.

3. கரும்பலகையும் இல்லை, திரையும் இல்லை; தேவைக்கோட்டை எப்படி விளக்குவது? நோட்டைத் திறந்து ஒரு வெற்றுப் பக்கத்தை எடுக்கச் சொன்னேன். இடது ஓரம் விலை, கீழ் ஓரம் அளவு. இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குக் கோடு போட்டால் அது தேவைக்கோடு. மற்ற இரண்டு மூலைகளையும் சேர்த்தால் அளிப்புக்கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் சமநிலை விலை. ஒவ்வொருவரையும் படத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன், இரண்டாம் நாள் முடிவில் ஏழு நோட்டிலும் ஒரே படம் வந்திருந்தது. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, அன்றைக்கு நான் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன்.

4. அந்த ஏழு பேரில் மாப்பிள்ளையூரணி சுடலைச்செல்வியைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அம்மா அருணாசலவடிவு உப்பளத்துக் கூலி. அப்பா இல்லை. வேலையின்மையின் வகைகளை நடத்திய அன்று அவள் குறுக்கே பேசினாள்: “டீச்சர், மழை விழுந்துட்டா அளத்துல வேல கெடையாதுல்லா. அம்ம வீட்டுலதான் இருக்கா. இத பருவகால வேலையின்மைன்னு போட்டுட்டா போதுமா? அவ சும்மா இருக்கான்னுதான தெருவுல சொல்லுதாவ?” பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. இரண்டு நாள் யோசித்துப் பதில் சொன்னேன். பத்தொன்பது ஆண்டில் இப்படி என்னை யோசிக்க வைத்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

5. 2020 நவம்பரில் தலைமையாசிரியர் திரு. ராஜதுரை அவர்கள் என்னை அழைத்தார். (‘அவர்கள்’ என்று எழுதக் கை கூசுகிறது. அலுவலக மரபு கருதி எழுதுகிறேன்.) யாரோ ஒரு நன்கொடையாளர் பிள்ளைகளுக்குத் தொடுதிரைக் கைப்பேசி வாங்கித் தரப்போவதாகவும், இல்லாதவர்களின் பட்டியல் மறுநாளே வேண்டும் என்றும் கூறினார். நானும் அவரும் ஒரே ஆண்டு பணியில் சேர்ந்தவர்கள். அவர் வரலாறு, நான் பொருளியல். அவர் தலைமையாசிரியர் ஆகும்வரை பதினான்கு ஆண்டுகள் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. என் அம்மா இறந்தபோது வண்டி பிடித்து நாசரேத்துக்கு முதலில் வந்து நின்றவர் அவர்தான். ஆகவே எதற்கு, ஏன் என்று நான் கேட்கவில்லை.

6. அன்று மாலையே ஏழு வீட்டுக்கும் பேசினேன். அருணாசலவடிவு தயங்கினார். “அதெல்லாம் எழுத்துல போடாண்டாம் டீச்சர், பிள்ளைக்கு ஒரு மாதிரி இருக்கும். நீங்க போன்ல சொல்லிக் குடுக்கறதே போதும்” என்றார். நான்தான் விடவில்லை. பிள்ளைக்கு நல்லது நடக்கும்போது கூச்சம் பார்க்கலாமா என்று அரை மணி நேரம் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அய்யா, இந்த மனுவில் எனக்கு எழுதக் கடினமான பத்தி இதுதான்.

7. பட்டியலை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். ‘தொடுதிரைக் கைப்பேசி இல்லை’ என்று முழுதாக எழுதத் தொடங்கியபோது, கட்டம் சிறிதாக இருப்பதால் ‘தொ.இ.’ என்று சுருக்கிப் போடுமாறு அவரே கூறினார். ஏழு பெயருக்கு நேராகவும் ‘தொ.இ.’ என்று எழுதி, கீழே கையெழுத்திட்டுக் கொடுத்தேன். கைப்பேசி எதுவும் வரவில்லை. கேட்டபோதெல்லாம் நன்கொடையாளர் வெளிநாடு போயிருக்கிறார் என்றார்.

8. 2021 ஜனவரியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. பெற்றோரின் இசைவுக் கடிதம் இருந்தால்தான் பிள்ளை வரலாம் என்பது விதி. அருணாசலவடிவு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பச் சம்மதம் என்று கையெழுத்திட்டுத் தலைமையாசிரியரின் கையிலேயே கொடுத்தார். அதன் நகலைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தேன், இணைப்பு 3. இடைவெளி விட்டு உட்கார எல்லோருக்கும் இடமில்லை, இந்த ஏழு பேரும் இரண்டாம் தொகுதி, அழைக்கும்வரை போன் வகுப்பே தொடரட்டும் என்று அவர் கூறினார். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லையே என்று ஒரு முறை கேட்டேன். தனிப் பதிவேடு இருக்கிறது என்றார். நம்பினேன். இரண்டாம் முறை கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் மடத்தனம். ஏப்ரலில் பள்ளி மறுபடி மூடியது. இரண்டாம் தொகுதியைக் கடைசிவரை யாரும் அழைக்கவில்லை.

9. ஜூனில் பொதுத்தேர்வு ரத்தானது. பத்து, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களோடு உள்மதிப்பீட்டையும் சேர்த்து எல்லோருக்கும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. ஜூலையில் என் முப்பத்தொரு பேரும் தேறினார்கள். கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கியவனும் தேறினான். அவன் நன்றாக இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. மதிப்பெண் பட்டியல் வாங்கப் பள்ளிக்குப் போன சுடலைச்செல்வியின் கையில் ஜனவரி மாதத் தேதியிட்ட மாற்றுச் சான்றிதழைக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கிய காரணம்: ‘படிப்பைத் தொடர இசைவில்லை என மாணவியே தெரிவித்ததாக வகுப்பாசிரியர் அளித்த பட்டியலின்படி’. அந்த வகுப்பாசிரியர் நான்தான். பள்ளி வாசலில் நின்று அம்மாவின் போனிலிருந்து என்னை அழைத்தாள். “நான் எப்ப டீச்சர் படிக்க மாட்டேன்னு சொன்னேன்?” என்று கேட்டாள். அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. அதன்பிறகு நான் எத்தனை முறை அழைத்தும் அவள் போனை எடுப்பதில்லை. அம்மாதான் எடுக்கிறார். பிள்ளை இப்போது தன்கூடத்தான் அளத்துக்கு வருகிறாள் என்கிறார்.

10. அன்றே தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றேன். “தொ.இ.ன்னா தொடர இசைவில்லைன்னுதான் அர்த்தம். எழுதுனது நீங்கதான டீச்சர்?” என்று கூசாமல் கேட்டார். நான் சண்டை போட்டபின், கதவைச் சாத்திவிட்டு மெல்ல இன்னொன்றும் சொன்னார். ஏழு பேரும் தேர்வில் தோற்றுப்போவார்கள், பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி போய்விடும் என்று பயந்து, பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன்பே நீக்கிவிட்டாராம். தேர்வு ரத்தாகும் என்று தனக்கு எப்படித் தெரியும் என்று என்னையே கேட்டார். வராத புயலுக்குப் பயந்து ஏழு பிள்ளைகளை வள்ளத்திலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார், அய்யா. தள்ளியது என் கையெழுத்தைக் கொண்டு. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அலுவலகத் தமிழில் அதற்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை.

11. மாற்றுச் சான்றிதழ் கேட்டு அந்த ஏழு பெற்றோரில் ஒருவர்கூட விண்ணப்பம் கொடுக்கவில்லை. அருணாசலவடிவு கொடுத்தது மகளைப் பள்ளிக்கு அனுப்பும் இசைவை. அதைக் கையில் வாங்கிக்கொண்டே இசைவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். என் பாடத்தில் ‘தேவை’ என்பதற்கு மூன்று பகுதி உண்டு: விரும்ப வேண்டும், வாங்க வசதி வேண்டும், வாங்கும் மனமும் வேண்டும். வசதி இல்லாதவனுக்கு விருப்பமே இல்லை என்று எழுதினால் பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கே நான் மதிப்பெண் கொடுக்க மாட்டேன். அதைத்தான் இங்கே முத்திரை வைத்து எழுதியிருக்கிறார்கள்.

12. எனவே கோருவது: ஏழு பேரின் நீக்கத்தையும் ரத்து செய்து, மற்ற மாணவர்களுக்குப் போலவே மதிப்பெண் கணக்கிட்டுச் சான்றிதழ் வழங்க வேண்டும். பத்து, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்கள் துறையிடமே உள்ளன. பொருளியல் உள்மதிப்பீடு என் பதிவேட்டில் உள்ளது (இணைப்பு 4). ஏழிலும் அவசரமானது சுடலைச்செல்வியினுடையது. பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்ணைக் காட்டி, அம்மாவின் கையெழுத்தோடு நான் போட்ட விண்ணப்பத்தில், பி.ஏ. பொருளியலில் அவளுக்கு ஒரு கல்லூரியில் தற்காலிகமாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வரும் 30-ஆம் தேதிக்குள் சான்றிதழ் காட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். கல்லூரி அலுவலகத்தில் நான் நேரில் போய்க் கேட்டுவிட்டேன். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாது என்றார்கள்.

13. சென்ற வியாழக்கிழமை தலைமையாசிரியர் என்னை அழைத்து ஒரு வழி சொன்னார். “கவனக்குறைவுல நான்தான் தப்பா எழுதிட்டேன்னு ஒரு லெட்டர் குடுங்க டீச்சர். அன்னைக்கே ஃபார்வர்டு பண்ணுதேன். பிள்ளைக்கு ஒரு வாரத்துல மார்க் வந்துரும்” என்றார். முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அதையே யோசித்தேன்.

14. அந்தக் கடிதத்தையும் எழுதிவிட்டேன், இணைப்பு 5. பிழை முழுவதும் என்னுடையது என்றும், தலைமையாசிரியர் மீது குற்றமில்லை என்றும், எந்தத் தண்டனைக்கும் கட்டுப்படுகிறேன் என்றும் அதில் எழுதியிருக்கிறேன். அது பொய். இந்த மனுவில் இருப்பது உண்மை. தாங்கள் விசாரித்து 30-ஆம் தேதிக்குள் சான்றிதழ் தர முடியுமானால் இணைப்பு 5-ஐக் கிழித்துப் போட்டுவிடுங்கள். விசாரணைக்கு நாளாகும் என்றால் இந்த மனுவைக் கிழித்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள். எது சீக்கிரம் முடியுமோ அதைச் செய்யுங்கள், அய்யா. பிள்ளை கல்லூரிக்குப் போகட்டும்.

நாள்: 20.09.2021
இடம்: தூத்துக்குடி

இரண்டு தாளிலும் கையெழுத்திட்டுள்ள,
சு. ஜெயஷீலா