வாசலில் தொங்கும் மிளகாய்

ஏங்க,

வாசல்ல வைக்கோல் கயிறும் மிளகாயும் தொங்குறதப் பாத்து மிரண்டுடாதீங்க, நமக்குப் பிள்ளை பொறக்கல. உள்ள ஒளிஞ்சிருக்கிறது ஒக்தான், பக்கத்து வீட்டு வேலைக்காரப் பொண்ணு. எஜமானுக்கு விஷம் வச்சதா அவளைப் பிடிக்க வந்த சேவகனுங்க, பிரசவ வீட்டுக்குள்ள நுழையக் கூடாதேன்னு கயிறைப் பாத்ததும் திரும்பிட்டாங்க. “மிளகாய் தொங்குது, ஆம்பளப் பிள்ளை!”ன்னு வாழ்த்து வேற.

விஷம் வாங்கினது எஜமானோட தம்பி. மருந்துக்கடைக்காரர் சாட்சி சொல்றேன்னுட்டார், அவரைக் கூட்டிக்கிட்டு நீதிபதிகிட்ட போறேன். “ஊர் வம்பு உனக்கெதுக்கு?”ன்னு நேத்து கத்தினீங்களே, நான் வந்ததும் மிச்சத்தையும் கத்துங்க.

பிள்ளை பெத்தவளுக்கு வைக்கிற கடற்பாசிச் சூப், வாசனைக்காகவே வச்சேன். நீங்களும் அவளும் குடிங்க.

வோல்லி

மறந்துட்டேன்: எல்லாம் முடிஞ்சதும் கயிறைத் தூக்கி எறிஞ்சுடாதீங்க. வசந்தத்துல நிஜமாவே கட்டணும். மிளகாய் வேணுமா வேண்டாமான்னு அப்பப் பாத்துக்கலாம்.