திரும்பி வராத மின்னஞ்சல்

எங்கள் மடிக்கணினியில் என்டர் விசை இன்னும் ஒட்டுகிறது. தேன்மிட்டாய் தின்ற விரலோடு நீ அதை அழுத்திய நாளிலிருந்து அப்படித்தான். இன்று ஈரத்துணியோடு துடைக்கப் போனேன், மனம் வரவில்லை.

அன்று, கப்பலில் சமையல் வேலை பார்க்கும் என் அப்பாவிடமிருந்து, அத்தாவிடமிருந்து, பன்னிரண்டு நாளாகப் பதில் இல்லை. நடுக்கடலில் அலைபேசி எடுக்காது; மின்னஞ்சல் ஒன்றுதான் வழி. தினமும் எழுதினேன். எதுவும் அவரைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. கம்பெனியில் கேட்டால், "விசாரிச்சு சொல்றோம்" என்றார்கள். அம்மா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுத் தின்னாமலே எழுந்துவிடுவார்.

உப்பளத்திலிருந்து நேராக வந்தாய். முழங்கால்வரை வெள்ளை பூத்திருந்தது.

"கடைசியா எதுக்குடி பதில் வந்துச்சு?"

"அது எதுக்கு? இப்ப ஏன் வரலைன்னு பாரு."

"கடைசிப் பாத்திக்குத் தண்ணி வரலைன்னா எங்கப்பா அங்கயே நின்னு அழமாட்டாரு. எது வரைக்கும் ஈரம் இருக்குதுன்னு நடந்து பார்ப்பாரு. நகரு."

நான் அனுப்பியவற்றில் பின்னோக்கி நடந்தாய். பதில் வந்த கடைசி மடலுக்கு அப்புறம் எல்லாவற்றிலும் படங்கள்: உப்புக் குவியல், பூநாரைகள், எங்கள் பூனை மட்டும் ஒன்பது.

"திரும்பி எதாச்சும் வந்துச்சா?"

"இல்ல. யாரோ தெரியாதவங்க இங்கிலீஷ்ல அனுப்பிட்டே இருந்தாங்க. அழிச்சிட்டேன்."

"படிக்காமலா? நீயா?"

"தெரியாதவங்க மெயிலைத் திறக்கக் கூடாதுன்னு ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப் சுவத்துல எழுதியிருக்குதே."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "சுவத்தைக் கூடப் படிக்காம விடமாட்டியாடி நீ!"

அழித்தவை கிடக்கும் குப்பைக் கோப்புறையைத் திறந்தாய். பதினோரு மடல்கள், எல்லாவற்றிலும் ஒரே செய்தி. பெறுபவரின் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, ஆகவே திருப்பி அனுப்புகிறோம். நான் தமிழில் சொன்னதும் அம்மா உன் கையைப் பிடித்தார்.

"அப்ப அவருக்கு ஒண்ணும் ஆகலதானே?"

"அது தெரியலைங்க. எங்க அடைச்சிருக்குதுன்னு மட்டும் தெரிஞ்சிடுச்சு."

பொய்யாக ஓர் ஆறுதல்கூட நீ சொல்லவில்லை. கம்பெனிக் கடிதத்தில் கப்பலின் பொது முகவரியைத் தேடி எடுத்தாய். படமில்லாமல் நாலு வரி எழுதச் சொன்னாய். என்டரை நீயே தட்டினாய். கொஞ்ச நேரம் திரையையே பார்த்திருந்தோம்.

"திரும்பி வரல. போய்ச் சேர்ந்துடுச்சுடி."

மறுநாள் காலை அதே பொது முகவரியிலிருந்து அத்தா எழுதியிருந்தார். "பெட்டி ரொம்பினா இங்கருந்து அனுப்பவும் முடியாதாம். கப்பல் லைன்தான் போயிடுச்சின்னு நெனச்சேன். இப்பவும் ஒரு படத்தை அழிக்க மனசு வரலம்மா." அம்மா அதைப் படித்துக்கொண்டே பழைய சோறு இரண்டு கிண்ணம் தின்றார்.

நூலகத்தில் கை எட்டாத தட்டுவரை படித்தவள் நான். கண்ணுக்குத் தெரியாத ஒன்று போகவும் ஒரு பாதை இருக்கும், அதில் நாமும் நடந்து பார்க்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அன்று உன்னை வாய் பிளந்து பார்த்தேன். இப்போது நினைத்தாலும் அப்படித்தான் ஆகிறது.

போன மழைக்காலத்தில் உனக்கு ஐந்தே நாள் காய்ச்சல். அதற்குப் பிறகு வகுப்பில் உன் இடம் காலியாக இருக்கிறது. யாரும் அங்கே உட்காருவதில்லை.

இந்த மடலை உன் பழைய முகவரிக்குத்தான் எழுதினேன். உங்கள் அளத்தில் இந்த வருடத்து முதல் உப்பை வாரியிருக்கிறார்கள். படம் எடுத்து இணைத்தேன், பிறகு நீக்கிவிட்டேன். இனி எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் உன் பெட்டியில் இடம் வேண்டும்.

ஒட்டும் விசையை அழுத்தினேன். இருட்டும்வரை காத்திருந்தேன்.

திரும்பி வரவில்லை.